பாதிப் பொட்டலம்

என் கண்ணுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் சைக்கிளைக் கேட்டில் சாய்த்துவிட்டு உறையைக் கையில் வைத்து எடை பார்த்தார். "மெட்ராஸ்ல இருந்துதானுங்க சார். பாப்பா கனமா எழுதியிருக்குது" என்றார். ஓசூரில் ஒற்றை ஆளாக இருக்கும் கிழவன் வீட்டுச் சமாசாரத்தை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவருக்கு ஆசை. நான் "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டு உறையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பிரிக்காத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நல்லா இருப்பாள் என்று எப்படிச் சொன்னேன் என்று பிறகுதான் யோசித்தேன். அன்று முழுக்க நான் மனிதரோடு பேசிய பேச்சு அந்த இரண்டு வார்த்தைதான்.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டே மாதத்தில் முதல் வருடப் பிள்ளைகள் உன்னிடம் ஒட்டிக்கொண்டதைப் படித்தபோது, இருந்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு பக்கம் அப்படிச் சந்தோஷமாகப் போயிற்று. மூன்றாவது பக்கத்தில் நீ இப்படி எழுதியிருந்தாய்: "பக்கத்து மேஜை சரோஜா பூஞ்சைகளில் வேலை செய்கிறவள். என் மாம்பூ ஸ்லைடுகளைப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை கேட்டாள். இன்னும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னபடி நோட்டு பெட்டியில்தான் இருக்கிறது. இப்போது அவள் கேட்பதில்லை. மத்தியானம் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அதுவும் நல்லதாகப் போயிற்று, படிக்க நேரம் கிடைக்கிறது."

இந்த வரிகளை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. எழுத்து உன்னுடையது, வாக்கியம் என்னுடையது. "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பது நான் இருபது வருடம் சொல்லிச் சொல்லித் தேய்த்த சொல். அதற்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது வரும் என்பதும், படிக்க நேரம் கிடைக்கிறது என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொள்வது வரும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாதையில் நான் போய் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இந்த வீடுதான். உனக்கு இருபத்து மூன்று வயதுதான் ஆகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். இதைச் சரோஜாவும் படிக்கலாம். உன் ஸ்டாஃப் ரூமில் வேறு யார் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஒளித்துவைத்து எழுதும் பழக்கம் இனி எனக்கு வேண்டாம்.

நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நடந்ததை நினைத்துப்பார். உனக்கென்று ஒரு இரும்புப் பெட்டி செய்யச் சொல்லி, நல்ல பூட்டாகப் போட்டுக் கொடுத்தேன். பஸ் புறப்படும் நேரம், மற்ற அப்பாக்கள் உடம்பைப் பார்த்துக்கொள் என்பார்கள், வேளைக்குச் சாப்பிடு என்பார்கள். நான் ஜன்னல் ஓரம் வந்து, "நோட்டைப் பெட்டியிலேயே வை. முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றேன். நீ தலையாட்டினாய். அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவி இருந்தது உனக்குத் தெரியாது. இன்னொன்றை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். மகளிடமே ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டால்தான் எனக்கு நிம்மதியாக இருக்கும் போலிருக்கிறது. அவ்வளவு தூரம் இந்த வியாதி முற்றிவிட்டது.

வியாதி எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இரண்டு வருடம் வெயிலில் நின்று எழுதிய அட்டவணையை, எனக்கு மேலே இருந்த பேராசிரியர் "பார்த்துத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாநாட்டில் அதைத் தன் கட்டுரையாக வாசித்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அடியில் சின்ன எழுத்தில்கூட என் பெயர் இல்லை. திரும்பி வரும் வழியில் ரயிலில் ஒரு முடிவு எடுத்தேன், இனி என் நோட்டு என்னோடு என்று. அந்தக் கோபம் நியாயமானதுதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு ஆள் செய்ததற்கு, அவரை வாழ்நாளில் பார்த்தே இராத மனிதர்களிடம் வட்டியோடு பழிதீர்த்தேன். நியாயம் அங்கே செத்துப்போயிற்று.

ஓசூரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பயிர் ஆராய்ச்சிக் கிளையில் ஆசிரியர்கள் ஐந்தே பேர். எல்லோருக்கும் கேழ்வரகுதான். ஆளுக்கு ஒரு துண்டு வயல், ஆளுக்கு ஒரு மேஜை. அங்கே இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த வாரம் வயலில் பார்த்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இன்னொன்று, பாதிப் பொட்டலம். ஒருவர் புதிதாக ஒரு விதை உண்டாக்கினால், அதில் பாதியைக் காகிதத்தில் மடித்து, வரலாற்றை எழுதி, பக்கத்து மேஜைக்காரரின் அலமாரியில் வைத்துவிட வேண்டும். வயலில் மாடு மேயலாம், மழை அடித்துக்கொண்டு போகலாம். பாதி இன்னொருவரிடம் இருந்தால் வேலை சாகாது. யாரும் சட்டமாகப் போட்டது இல்லை. எனக்கு முன்னே இருந்தவர்கள் செய்தார்கள், எல்லோரும் செய்தார்கள்.

என் பக்கத்து மேஜை நஞ்சப்பா. உனக்கு நினைவிருக்கும், தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்து, "பாப்பா, கன்னடத்துல நூறு வரைக்கும் எண்ணு, இல்லைன்னா முறுக்கு எனக்குத்தான்" என்று உன்னை மிரட்டுவாரே, அவர்தான். பாகலூர்க்காரர். பயிர் நோய்களைப் பற்றிப் பாடம் எடுத்தவர். ஆறு வருடத்தில் அவர் என் அலமாரியில் வைத்த பாதிப் பொட்டலங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் மணிமணியான எழுத்து. நான் அவர் அலமாரியில் வைத்தது ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமைகளில் என் முறை வரும்போது, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பேன். கடைசியில் துறைத் தலைவரே, "அடுத்து நம்ம 'பார்த்துக்கிட்டிருக்கேன்' சாரு" என்று கூப்பிட ஆரம்பித்தார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நோட்டுக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, வாய்க்குமா பூட்டு? உங்களுக்குப் பொண்ணு குடுக்கறப்போ எங்கப்பாரு இதை விசாரிக்காம விட்டுட்டாரே" என்பாள். பேரிகைக் கிராமத்தில் கேழ்வரகு விளைந்த வீட்டில் பிறந்தவள். என் வயலைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசியிருப்பாள். நான் பேசவிட்டால்தானே.

இதிலெல்லாம் மோசமானது குச்சி விவகாரம். வயலில் ஒவ்வொரு சாலின், அதாவது ஒவ்வொரு விதை வரிசையின், தலையிலும் எண் எழுதிய குச்சி ஒன்று நடுவோம். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே அந்தச் சாலின் கதையை எழுதுவோம். நான் குச்சிகளை ஏழு சால் தள்ளி நட்டேன். நோட்டில் ஒன்றாம் சால் என்றால் வயலில் எட்டாம் குச்சி. நோட்டைத் திருடினாலும் சாலைக் கண்டுபிடிக்க முடியாது, சாலைப் பார்த்தாலும் நோட்டில் கதை கிடைக்காது. குச்சி நட்ட முனியம்மா, "அய்யா, எல்லாரும் மொதல் சால்ல ஒண்ணு நடறாங்க, நீங்க மட்டும் ஏன் எட்டு நடச் சொல்றீங்க?" என்று கேட்டாள். "சொன்னதைச் செய்" என்றேன். ஒரு நாள் நஞ்சப்பா என் வயலுக்குள் இறங்கிக் குனிந்து ஏதோ கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்று, முனியம்மா காது கேட்க, "ஒருத்தர் வயல்ல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது நஞ்சப்பா" என்றேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "தப்பு சார், இனிமே வரமாட்டேன்" என்றார். வரவும் இல்லை.

அந்த வயலில்தான் அது வந்தது. கேழ்வரகுக்குக் குலைநோய் என்று ஒன்று உண்டு. கதிரின் கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் அத்தனையும் பதராகும். ரேஷன் காலம் அது. குலைநோய் வந்த வருடம் இந்தப் பக்கத்து வீடுகளில் களி கிண்டும் சத்தம் குறைந்துபோகும். நான் பச்சைத் தண்டுச் செடி ஒன்றின் கதிரையும் ஊதாத் தண்டுச் செடி ஒன்றின் கதிரையும் பூக்கும் நேரத்தில் சேர்த்துக் கட்டி, காகித உறை போட்டு வைப்பேன். பச்சைச் செடியின் விதையை அடுத்த பட்டத்தில் விதைத்தால், முளைத்ததில் கணுவில் ஊதா தட்டுகிறவை மட்டும் கலப்பு. அப்படிப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில், ஒரு ஐப்பசியில், சுற்றிலும் எல்லாச் சாலும் கழுத்து கறுத்து நிற்க, ஒரு சால் மட்டும் கழுவி வைத்த மாதிரி நின்றது. என் நோட்டில் இருபத்து மூன்று. அந்தச் சாலின் முன்னால் நின்றேன். சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. இருபது அடியில் நஞ்சப்பா தன் வயலில் குனிந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. அந்தச் சாலின் விதை முழுவதையும் நானே விதைத்திருந்தேன், பாதிப் பொட்டலம் யாரிடமும் கிடையாது.

பதினைந்து நாளில் உன் அம்மாவைப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. நீ அப்போது கிருஷ்ணகிரி ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை முடியட்டும் என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. பார், அங்கேயும் மறைத்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவள் கேட்டாள். "வயலைத்தானே நினைக்கறீங்க? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது, இன்னிக்கு இதைப் பாத்தேன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கீங்களா?" அன்று சொன்னேன். அந்தச் சாலைப் பற்றி முதல் முதலாக ஒரு உயிரிடம் சொன்னேன். அவள் கண் பளிச்சிட்டது. தலையணையில் எழுந்து சாய்ந்துகொண்டு, "மணி என்ன நிறம்? கதிர் மூடியிருக்குதா, விரிஞ்சிருக்குதா?" என்று கேள்விமேல் கேள்வி கேட்டாள். எங்கள் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமான மத்தியானம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். பிறகு அவளே சொன்னாள்: "நஞ்சப்பாவுக்கு ஒரு கார்டு போடுங்க. இன்னும் ஒரு வாரம் விட்டா எல்லாத்தையும் சேத்து அறுத்துடுவாங்க."

கார்டு போட்டேன். "இருபத்து மூன்றாம் சாலைத் தனியாக அறுத்து வைக்கவும்." அவ்வளவுதான் எழுதினேன். நோட்டில் இருபத்து மூன்று, வயலில் முப்பதாம் குச்சி என்பதை எழுதவில்லை. கவலையில் மறந்தேனா, எழுதக் கை வரவில்லையா என்று இந்த எட்டு வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறந்தேன் என்றுதான் சொல்ல ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மா போய்ப் பத்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். நீயும் நானும் எப்படி இருந்தோம் என்று உனக்கே தெரியும். என் மேஜையில் ஒரு துணிப்பை இருந்தது. அதன் கழுத்தில் இருபத்து மூன்றாம் குச்சியையே அடையாளமாகக் கட்டி, தேதியும் எழுதி வைத்திருந்தார் நஞ்சப்பா. குச்சியைப் பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடினேன். களத்தில் எல்லாம் அடித்துத் தூற்றி ஒன்றாகக் கலந்து, பண்ணை ஆட்களுக்குக் கூலியாக அளந்தும் முடிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நீள மேஜையில் முதல் தடவையாக நான் வாயைத் திறந்தேன். "குலைநோய் தாங்குகிற ஒரு சால் கிடைத்திருந்தது. தவறான சால் அறுக்கப்பட்டிருக்கிறது" என்றேன். தலைவர் பேனாவை மூடிவிட்டு, "யார் அறுத்தது?" என்று கேட்டார். "நஞ்சப்பா" என்றேன். கவனித்துப் பார், கண்ணு, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஏழு சால் கணக்கை மட்டும் சொல்லவில்லை. தலைவர் நஞ்சப்பா பக்கம் திரும்பினார். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "நான்தான் சார் அறுத்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு வயல் கொடுக்கவில்லை. முதல் வருட வகுப்புகளுக்கு நோட்ஸ் சொல்லும் வேலையில் போட்டார்கள். நோயைக் கதிரின் கழுத்திலேயே கண்டுபிடிக்கிற கண்ணை வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் பாகலூருக்கே போய்விட்டார். போகிற அன்று என் அலமாரியில் இருந்த தன் பொட்டலங்களைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், தலைவர் நான் மிகவும் அமைதியான மனிதர் என்று பேசினார். மறுநாளிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. வந்து என்ன கேட்பார்கள்? நான்தான் யாருக்கும் எதையும் சொன்னதில்லையே. என் தலைக்குள் கேழ்வரகைப் பற்றி முப்பது வருடத்துச் சரக்கு இருக்கிறது. அதைக் கேட்க ஓசூரில் ஒரு ஆள் இல்லை. சில நாள் அடுப்படியில் களி கிண்டும்போது மாவைப் பார்த்து, இது எந்த ரகம் என்று உரக்கச் சொல்லிக்கொள்கிறேன். என் குரலைக் கேட்டு நானே திடுக்கிடுகிறேன்.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை, பழைய நோட்டை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு பாகலூர் பஸ் ஏறினேன். ஏழு மைல். எட்டு வருடமாகப் போகாத ஏழு மைல். கண்டக்டர் தமிழில் டிக்கெட் கேட்டு, தெலுங்கில் ஒரு கிழவியைத் திட்டி, கன்னடத்தில் டிரைவரோடு சிரித்துக்கொண்டு வந்தார். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு மூன்று பாஷை இருக்கிறது, எனக்கு ஒன்றில்கூடப் பேச வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நஞ்சப்பா களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கி, "யாரு?" என்றார். நான் பெயரைச் சொன்னேன். அவர் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க சார். பாப்பா எப்படி இருக்குது?" என்றார்.

ஏழு சால் கணக்கை அவரிடம் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது அழகாகக் கோத்து வைத்திருந்த வார்த்தை எதுவும் வரவில்லை. "நோட்டுல இருபத்து மூணுன்னா வயல்ல முப்பது, நஞ்சப்பா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் மெல்லச் சிரித்தார். "தெரியும் சார்" என்றார். "அன்னிக்கு மீட்டிங் போறதுக்கு முன்னாலயே முனியம்மா சொல்லிட்டா." அவரே மேலே பேசினார். "அறுக்கறப்பவே எனக்குச் சந்தேகம்தான். முப்பதாம் குச்சி சுத்தமா நின்னுச்சு, இருபத்து மூணு கழுத்தெல்லாம் கருகிக் கெடந்துச்சு. ஆனா நீங்க இருபத்து மூணுன்னு எழுதியிருக்கீங்க. அதுல வேற என்னமோ பாக்கறாரு போலன்னு நெனச்சேன். முப்பதையும் தனியா எடுத்து வெக்கலாமான்னு கை போச்சு. ஒருத்தர் வயல்ல இன்னொருத்தர் கை வெக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. விட்டுட்டேன்."

"தெரிஞ்சும் மீட்டிங்குல ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் நான் இருந்த திசையில் கண்ணைத் திருப்பிக்கொண்டு, "அம்மா போயி பதினைஞ்சு நாளுகூட ஆகலையே சார். மொட்டை அடிச்ச தலையோட உக்காந்திருந்தீங்க. அந்த மூஞ்சியப் பாத்து, தப்பு உங்களுதுன்னு நாலு பேருக்கு முன்னால எப்படிச் சொல்றது? ஒரு மாசம் போகட்டும், நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். ஒரு மாதம் இல்லை, எட்டு வருடம். நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன், அவரும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தார். நான் எனக்காக மறைத்தேன், அவர் எனக்காக மறைத்தார். நான் அழுதேன், கண்ணு. அவர் கையால் துழாவி என் தோளைத் தொட்டு, "ஹோக்லி பிடி சார், போனது போகட்டும். நோட்டு கொண்டாந்தீங்களா? என்னால படிக்க முடியாது. நீங்க படிங்க, நான் கேக்கறேன்" என்றார்.

முதல் சாலிலிருந்து படித்தேன். மருமகள் மோர் கொண்டுவந்து வைத்தாள், அது அப்படியே இருந்தது. ஒவ்வொரு சாலுக்கும் அவர் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார். நான் ஒரு பட்டம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு சங்கதியை, "அது நோய் இல்லை சார், ஏரிப் பக்கத்து ஈரம்" என்று ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார். இருபத்து மூன்று வந்தது. "எத்தனை கதிர்ல குலைநோய்?" என்று கேட்டார். "ஒண்ணுலயும் இல்ல" என்றேன். அவர் கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுலயும் இல்லையா!" என்றார். எட்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில், இருபது அடி தூரத்தில், அவர் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று அப்போது பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "விதை போச்சு, அது கெடக்கட்டும். பண்ணை ஆளுங்க களி கிண்டித் தின்னாங்க, வீணாப் போகல. ஆனா சார், அன்னிக்கு ஒரு குரல் குடுத்திருந்தா, ரெண்டு பேருமா சந்தோஷப்பட்டிருக்கலாமே."

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். பேரும் புகழும் போனதைப் பற்றி எனக்கு இப்போது பெரிய வருத்தம் இல்லை. அந்த விதையை வேறொரு ஊரில் வேறொருவர் என்றாவது உண்டாக்கிவிடுவார். அன்றைக்கு அந்தச் சாலின் முன்னால் நான் ஒற்றை ஆளாக நின்றேனே, அதைத்தான் திருப்பி வாங்க முடியவில்லை. உன் மாம்பூக்களுக்காகக் கிருஷ்ணகிரித் தோப்புகளில் இரண்டு மாசி மாதம் நீ அலைந்தது எனக்குத் தெரியும், நானும் கூட வந்தேன். பூ ஏன் உதிர்கிறது என்று உன் கண்ணுக்கு ஒன்று தென்பட்டிருக்கிறது. அது பூஞ்சையா இல்லையா என்பதைப் பூஞ்சையே படித்தவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். நீ மூன்று வருடம் தவறான சாலை அறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

திருடுவார்களா என்றால், திருடுவார்கள். எனக்கு நடந்தது உனக்கும் நடக்கலாம், பெண் என்பதால் இன்னும் சுலபமாகவும் நடக்கலாம். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். பெயரும் தேதியும் போட்டு எழுது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் மாதிரி உங்கள் துறையில் ஏதாவது இருந்தால் நாலு பேர் நடுவில் எழுந்து சொல், நாலு பேர் கேட்டதை ஒருவர் எடுத்துக்கொண்டு போவது கஷ்டம். அப்படியும் ஒருவர் எடுத்துக்கொண்டு போனால், அவரிடம் சண்டை போடு. அப்பா பேரைச் சொல்லிக்கூடச் சண்டை போடு. ஆனால் அவருக்காகச் சரோஜாவைத் தண்டிக்காதே. அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். நஞ்சப்பா என் வயலுக்குள் தானாக ஒரே தடவைதான் இறங்கினார். மூன்றாவது தடவை அவளாக வந்து கேட்பாள் என்று காத்திருக்காதே, நீ போ.

இதோடு ஒரு சாவி வைத்திருக்கிறேன், பார். நான் எடுத்துக்கொண்ட இரண்டாவது சாவி. கொடுப்பதற்கு என்னிடம் பாதிப் பொட்டலம் என்று இனி எதுவும் இல்லை, இருப்பது இது ஒன்றுதான். இதைச் சரோஜாவிடம் கொடு. பெட்டி உன் மேஜைக்கு அடியிலேயே இருக்கட்டும், நீ இல்லாத நேரத்திலும் அவள் திறந்து பார்க்கட்டும்.

தபால்காரர் இப்போது வந்துவிடுவார். இன்றைக்கு அவரை உட்காரவைத்து, நீ என்ன எழுதினாய் என்று முழுதாகச் சொல்லப்போகிறேன். வெள்ளிக்கிழமை, மணி மூன்று ஆகப்போகிறது.

நலம் விசாரிக்கும் வரி பாக்கி இருக்கிறது. அடுத்த கடிதத்தில் நலமாக இருக்கிறேன் என்று எழுதாதே, கண்ணு. அதை நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று எழுது. நான் தெரிந்துகொள்கிறேன்.

உன் அப்பா